புகை விஸ்கியும் சிவப்பு ஒயின் பீப்பாயும்: வாங்குவோர் கேள்விகள்

கேள்வி: பீட் (சதுப்பு நிலத்தில் மட்கிய தாவரப் படிவு) புகை ஏறிய சிங்கிள் மால்ட்டை (ஒரே ஆலையின் மால்ட் விஸ்கி) சிவப்பு ஒயின் பீப்பாயில் 'ஃபினிஷ்' செய்தது என்று லேபிளில் போட்டிருக்கிறது. ஒயினைக் கலந்து விற்கிறார்களா?

பதில்: இல்லை. ஸ்காட்ச்சில் தண்ணீரும் நிறத்துக்கான சாதாரண கேரமலும் தவிர வேறு எதையும் சேர்க்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. முளைகட்டிய பார்லியைப் பீட் புகையில் உலர்த்தி, வடித்த சாராயத்தை முதலில் பெரும்பாலும் போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பழைய பீப்பாயில் பல ஆண்டுகள் வைப்பார்கள். பிறகு ஒயின் இருந்து காலியான ஓக் பீப்பாய்க்கு மாற்றுவார்கள். போர்தோ வகைப் பீப்பாய் என்றால் 225 லிட்டர், பர்கண்டி என்றால் 228. மரத்துக்குள் ஊறிப்போன ஒயின்தான் விஸ்கிக்குள் மெல்ல இறங்குகிறது. சிவப்புச் சாயல், பழ மணம், நாக்கை இழுக்கும் துவர்ப்பு எல்லாம் அப்படி வருபவை.

கேள்வி: '11 ஆண்டு' என்றால் 11 ஆண்டும் ஒயின் பீப்பாயிலா?

பதில்: அல்ல. அது ஓக் பீப்பாய்களில் கழித்த மொத்தக் காலம்; பாட்டிலில் உள்ளவற்றில் மிக இளையதன் வயது. ஃபினிஷ் இத்தனை மாதம் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் வரையறை கிடையாது. ஆறு மாதமும் ஃபினிஷ்தான், மூன்று ஆண்டும் ஃபினிஷ்தான். இரண்டு பீப்பாய்களிலும் இருந்த காலத்தைத் தனித்தனியாக அச்சிடும் நிறுவனத்தின் பாட்டிலை நம்பி எடுக்கலாம். 'ரெட் ஒயின் காஸ்க்' என்று பெரிதாகப் போட்டுவிட்டு எந்த ஒயின், எவ்வளவு காலம் என்று எதையுமே சொல்லாத லேபிளுக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

காலம் நீண்டால் நல்லது என்றும் நினைக்காதீர்கள். பீட் விஸ்கியில் இது முக்கியம். புகை மணம் தரும் ஃபீனால் என்ற சேர்மம் இயல்பிலேயே கசப்பும் காய்ந்த தன்மையும் கொண்டது. பிரெஞ்சு ஓக்கும் சிவப்பு ஒயினும் தருவது துவர்ப்பு. அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து, ஆறிப்போன கட்டங்காப்பி போல வாயில் ஒட்டும். போர்ட் ஒயின் இனிப்பு மிஞ்சும் வகை என்பதால் அதன் பீப்பாய் புகையோடு எளிதில் ஒத்துப்போகும். சாதாரண சிவப்பு ஒயின் பீப்பாயில்தான் ஆலையின் கைத்திறன் தெரியும்.

கேள்வி: லாங்ரோ ரெட் ஒருமுறை பிடித்திருந்தது. இப்போது கடையில் இருப்பதும் அதே சுவையில் இருக்குமா?

பதில்: எதிர்பார்க்காதீர்கள். ஸ்காட்லாந்தில் கேம்பல்டவுனின் ஸ்பிரிங்பேங்க் ஆலை இந்தப் புகை விஸ்கியை ஆண்டுக்கு ஒரு பதிப்பாக, வேறு வேறு திராட்சை வகை ஒயினின் பீப்பாயில் முடித்து வெளியிடுகிறது: ஒருமுறை மால்பெக், ஒருமுறை பினோ நுவார், ஒருமுறை கபெர்னே ஃபிராங்க். போர்ட் பீப்பாய்கூட வந்திருக்கிறது. பினோ நுவார் மென்மை. மால்பெக்கும் கபெர்னே சோவினோனும் கனமும் துவர்ப்பும் கூடியவை. எனவே பெயரைப் பார்த்து எடுக்காமல் ஒயின் வகையைப் பாருங்கள். ஆல்கஹால் பெரும்பாலும் 50 சதவீதத்துக்கு மேல்.

ஆண்டுக்கு ஆண்டு மாறாத ஒன்று வேண்டுமானால் மல் தீவின் டோபர்மோரி ஆலை தரும் லெடெய்க் ரியோகா காஸ்க் ஃபினிஷ் (ரியோகா என்பது ஸ்பெயின் நாட்டு ஒயின்) இருக்கிறது, 46.3 சதவீதம். வயது குறிப்பிடாத பாட்டில், ஆனால் முதல்முறை வாங்குபவருக்கு நாங்கள் சொல்வது இதைத்தான்.

கேள்வி: பிபிஎம் எண் கூடினால் புகையும் கூடுமா?

பதில்: ஓரளவுக்குத்தான். பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு. அந்த எண் பெரும்பாலும் மால்ட்டில், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியில், அளந்த ஃபீனால் அளவு, பாட்டிலில் உள்ளது அல்ல. ஊறவைப்பது, நொதிப்பது, வடிப்பது என ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பங்கு போய்விடும். வடிக்கும்போது சேகரிப்பை எந்த நேரத்தில் நிறுத்துகிறார்கள் என்பதும் கணக்கு. ஐலா தீவின் லாகவூலின், கல் ஈலா ஆலைகள் இரண்டும் மால்ட் தயாரிக்கும் போர்ட் எலன் கூடத்திலிருந்து ஏறத்தாழ 35 பிபிஎம் மால்ட்டையே வாங்குகின்றன. குடித்துப் பார்த்தால் கல் ஈலா தெளிவாக லேசு. ஒயினின் பழ மணமும் புகையை மூடும். ஆகவே 20 பிபிஎம் மால்ட்டில் செய்து ஒயின் பீப்பாயில் முடித்ததில் பெரும் புகையைத் தேடினால் ஏமாற்றம்தான்.

கேள்வி: பாட்டிலைத் திறந்ததும் உரசிய தீக்குச்சி, ரப்பர் வாடை. கெட்டுப்போன சரக்கா? திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: காலி ஒயின் பீப்பாயில் பூஞ்சையும் புளிப்பும் ஏறாமலிருக்க உள்ளே கந்தகம் எரிப்பது பழைய வழக்கம். அது சரியாக நீங்காமல் விஸ்கி ஊற்றினால் இந்த வாடை வரும். ஒரு கிளாஸில் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். தீக்குச்சி வாடை தணிந்தால் குடிக்கத் தடையில்லை. ரப்பரும் வெந்த முட்டைக்கோசும் அப்படியே நின்றால் அது பீப்பாயின் குறை. கடைக்காரர் இதைப் பழுதாக ஏற்பது அரிது. நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் அடித்தால் கதை வேறு, அது கார்க்கின் கோளாறு. பாட்டிலையும் கார்க்கையும் ரசீதோடு எடுத்துப் போய்க் கேளுங்கள். பாதி குடித்த பிறகு போனால் யாரும் மதிக்க மாட்டார்கள்.

கேள்வி: ஆழ்ந்த சிவப்பு நிறம் என்றால் நல்ல பீப்பாய்தானே?

பதில்: நிறத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். நிறம் கேரமலாலும் வரலாம். ஜெர்மனியில் விற்கும் பாட்டிலில் கேரமல் சேர்த்திருந்தால் 'மிட் ஃபார்ப்ஷ்டோஃப்' (நிறமூட்டி சேர்த்தது) என்று போட்டே ஆக வேண்டும். ஆலையின் அதே சரக்கை அந்த நாட்டு லேபிளில் சரிபார்க்கலாம்.

கேள்வி: தண்ணீர் ஊற்றினால் கலங்குகிறது. எவ்வளவு ஊற்றலாம்?

பதில்: குளிர்வடிகட்டல் (குளிரவைத்து, கலங்கச் செய்யும் பொருள்களை வடித்தெடுப்பது) செய்யாத விஸ்கி 46 சதவீதத்துக்குக் கீழே போனாலோ குளிர்ந்தாலோ கலங்கும், கொழுப்பமிலச் சேர்மங்கள் திரள்வதுதான், கேடில்லை. 52 சதவீத விஸ்கி 30 மில்லியை 46-க்குக் கொண்டுவர 4 மில்லி தண்ணீர் போதும், ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. ஐஸ் வேண்டாம்: குளிரில் இனிப்பு அமுங்கித் துவர்ப்பு தூக்கலாகும். மூடி வைக்கும்போது பாட்டிலை நிமிர்த்தியே வையுங்கள். ஒயினைப் போலப் படுக்கவைத்தால் சாராயம் கார்க்கை அரித்துவிடும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வந்துவிட்டால் சிறிய பாட்டிலுக்கு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் முதலில் மங்குவது புகைதான்.

கேள்வி: எடின்பரோவிலிருந்து சென்னை வருகிறேன். மூன்று பாட்டில் கொண்டுவரலாமா?

பதில்: இந்தியச் சுங்கத்தில் தீர்வையில்லா அளவு தலைக்கு 2 லிட்டர். பிரிட்டனில் பாட்டில் 700 மில்லி. மூன்று சேர்ந்தால் 2.1 லிட்டர், நூறு மில்லியால் வரம்பு தாண்டும். இரண்டோடு நிறுத்துங்கள், அல்லது விமான நிலையக் கடையில் 1 லிட்டர் பாட்டில் இரண்டு எடுங்கள். சரக்குப் பெட்டியில் வைப்பதானால் 24 முதல் 70 சதவீதம் வரையிலான மதுவுக்கு விமான விதியின் வரம்பு 5 லிட்டர். கடையில் வாங்கியதைக் கையில் கொண்டுவந்தால், இடையில் விமானம் மாறும்போது சீல் வைத்த பையைப் பிரிக்கக் கூடாது; ரசீது அந்தப் பைக்குள்ளேயே இருக்கட்டும்.