காக்கையையும் எழுதுங்கள்

அன்புள்ள ஐயா,

உடுமலைப்பேட்டை பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். பி.காம் முடித்து ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதுகிறேன். காலையில் ஊர்க் குளக்கரையில் நடப்பது வழக்கம். அங்கே பார்க்கும் பறவைகளைப் பல வருஷமாக நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். யாரிடமும் காட்டியதில்லை. இந்த முறை பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்ந்தேன். குழுவில் மற்றவர்கள் கழுகு, வலசை வாத்து என்று படம் படமாகப் போட்டார்கள். எனக்குக் கிடைத்தது காக்கை, மைனா, தவிட்டுக்குருவி. கூச்சமாகிவிட்டது, பட்டியலை அனுப்பவில்லை. "நீ வெயிலில் நின்று எண்ணு, அவர்கள் கட்டுரை எழுதிப் பெயர் வாங்கட்டும்" என்கிறார் என் கணவர். ஆராய்ச்சியாளர்கள் எங்களைச் சும்மா வேலை வாங்குகிறார்களா? எங்களைப் போன்றவர்களால் அறிவியலுக்கு உண்மையில் பயன் உண்டா? நல்ல கேமரா வாங்கினால் சரியாகுமா?

ம.

அன்புள்ள ம.,

போன மாதம் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். செல்போன் கோபுரங்களால் சிட்டுக்குருவி அழிந்துவிட்டது என்று ஒருவர் பேசினார். அரங்கமே கைதட்டியது. அன்றிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டிருந்த கோபத்தின் நடுவில்தான் உங்கள் கடிதம் வந்தது.

2020இல் இந்தியப் பறவைகளின் நிலை குறித்து ஓர் அறிக்கை வெளியானது. நாடு முழுக்க 15,500க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் கொடுத்த ஒரு கோடிக்கும் அதிகமான பதிவுகளை வைத்துச் செய்தது. சிட்டுக்குருவி நாடு தழுவிய அளவில் 25 ஆண்டுகளாகப் பெரிய மாற்றமில்லாமல் இருக்கிறது என்றது அது. சென்னை, பெங்களூரு போன்ற பெருநகரங்களில் மட்டும் குறைந்துகொண்டு வருகிறது. கோபுரக் கதிர்வீச்சுதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை. குஞ்சுக்கு ஊட்டப் புழு பூச்சி கிடைக்காதது, கூடு வைக்கப் பொந்தும் இடுக்கும் இல்லாத கட்டடங்கள், இவைதான் காரணமாக இருக்கக்கூடும் என்கிறார்கள். இதைச் சொல்ல முடிந்தது எப்படி? யாரோ பல்லாயிரம் பேர், சிட்டுக்குருவிதானே என்று விடாமல் எழுதியதால். நீங்கள் அவர்களில் ஒருவராக இருந்திருக்க வேண்டியவர். கூச்சப்பட்டுக்கொண்டு போனை மூடி வைத்துவிட்டீர்கள். எனக்கு வருத்தமாக இருக்கிறது. கோபமாகவும் இருக்கிறது.

பார்த்த பறவைகளைப் பட்டியலிட்டு அனுப்பும் இபேர்ட் செயலியில், பட்டியலை முடிக்கும்போது ஒரு கேள்வி வரும்: அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா? அதற்கு 'ஆம்' என்று சொன்ன பட்டியல்தான் ஆராய்ச்சிக்குப் பெரிய சொத்து. பனங்காடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வட்டாரத்தில் 100 பட்டியலில் 40இல் அது இருந்தது, சில வருஷம் கழித்து 100இல் 20இல்தான் இருக்கிறது என்றால், பறவை குறைகிறது என்று தெரியும். இங்கே பனங்காடை இல்லாத 80 பட்டியல்களும் வேண்டும். அவை இல்லாவிட்டால் கணக்கே கிடையாது. உங்கள் காக்கை, மைனா, தவிட்டுக்குருவிப் பட்டியல் அந்த 80இல் ஒன்று. உங்களைப் போல எல்லோரும் வெட்கப்பட்டு, அபூர்வப் பறவை கண்ட அன்று மட்டும் அனுப்பினால் என்ன ஆகும்? ஊரில் கழுகு பெருகிவிட்டது, காக்கை அழிந்துவிட்டது என்று கணக்கு சொல்லும். 2023இல் வந்த அடுத்த அறிக்கை, பனங்காடை அவ்வளவு வேகமாகக் குறைகிறது, அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களைக் காட்டும் உலகச் செம்பட்டியலில் அதன் நிலையை மறுபடி ஆராயுங்கள் என்று கேட்டது. மின்கம்பியில் சாதாரணமாக உட்கார்ந்திருந்த பறவை, அம்மா, அது. சாதாரணம் என்று விட்டிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

எங்கள் ஊரில் தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாத்தா ஒருவர் இருந்தார். வீட்டு முற்றத்தில் மழைமானி வைத்திருந்தார். காலை எட்டரைக்குப் பார்த்து நோட்டில் எழுதுவார். சித்திரை வெயிலிலும் தேதி போட்டு, 'மழை இல்லை' என்று முழுசாக எழுதுவார். கோடு போட மாட்டார், 'மேற்படி' போட மாட்டார். சின்னப் பையனாக நான் கேட்டேன், மழையே இல்லையே, எதற்கு எழுதுகிறீர்கள் என்று. "எழுதாம விட்டா, மழை பெய்யலையா, இல்ல இந்தக் கிழவன் பாக்கலையான்னு நாளைக்கு எவனுக்குடா தெரியும்?" என்றார். எண்ணத் துணிந்த யாருக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான். குளக்கரையில் நின்றீர்கள், பார்த்தீர்கள், இன்றைக்கு நீர்க்காகம் இல்லை. அது ஒரு தகவல். நீங்கள் சொன்னால் மட்டுமே உலகத்துக்குத் தெரியும்.

அவர் காலமான பிறகு அந்த நோட்டுகள் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போயின. வேலை கிடைத்து வெளியூரில் இருந்தேன், பிறகுதான் கேள்விப்பட்டேன். ஒரு கிராமத்தின் பல வருஷ மழை! அதனால்தான் 'யாரிடமும் காட்டியதில்லை' என்று நீங்கள் ஏதோ அடக்கம்போல எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. பீரோவில் இருக்கும்வரை அது ஆராய்ச்சி இல்லை. பொதுவில் சேர வேண்டும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 1900 கிறிஸ்துமஸ் அன்று 27 பேர் பறவைகளை எண்ணினார்கள். அதுவரை அந்த நாளில் கோஷ்டி பிரிந்து சுட்டுத் தள்ளுவதுதான் வழக்கம். சுடுவதற்குப் பதில் எண்ணுவோம் என்றவர் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன். இன்றுவரை அது நிற்கவில்லை. 15 மைல் குறுக்களவுள்ள அதே வட்டங்களில் வருஷாவருஷம் எண்ணுகிறார்கள். குளிர்காலத்தில் அங்கே பறவைகள் வடக்கே நகர்ந்திருக்கின்றன என்பது அந்த எண்ணிக்கையில் பிடிபட்டது. வந்தவர்கள் பெரும்பாலும் உங்களையும் என்னையும் போன்றவர்கள்தான்.

உங்கள் கணவர் கேட்டதற்கு ஒரு வரி. இபேர்டில் நீங்கள் எல்லோரும் சேர்க்கும் தரவு பூட்டி வைக்கப்பட்டதல்ல. கேட்டால் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கும், அவருக்கும். அதில் உங்கள் வட்டாரத்தை மட்டும் எடுத்து நீங்களே கட்டுரை எழுதலாம். கணக்கு எழுதத் தெரிந்தவருக்கு அது பெரிய காரியமே இல்லை.

கேமரா வேண்டாம். ஒரு பைனாகுலர் போதும்.

இப்போது பழைய நோட்டை எடுங்கள். தேதியும் இடமும் தெளிவாக உள்ள பக்கங்களை மட்டும் ஏற்றுங்கள். நேரமும் நடந்த தூரமும் தெரியாத பதிவுகளுக்கு இபேர்ட் இணையதளத்தில் 'ஹிஸ்டாரிக்கல்' என்று தனி வகை இருக்கிறது. அன்றைக்குக் காக்கையை எழுதாமல் விட்டிருந்தால், எல்லாவற்றையும் எழுதினீர்களா என்ற கேள்விக்கு 'இல்லை' என்றே சொல்லுங்கள். அடையாளத்தில் சந்தேகம் இருந்தால் அந்தப் பறவையை விட்டுவிடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். உங்கள் கணவர் வாசித்துச் சொல்ல, நீங்கள் ஏற்றினால் சீக்கிரம் முடியும். முதல் நோட்டு முடிந்ததும் எனக்கு எழுதுங்கள்.