தோட்டமா, கூடுதல் அறையா?

கேள்வி: காரைக்குடியில் ஒரே விலைக்கு இரண்டு தரைத்தள வீடுகள். ஒன்று 4 சென்டில் 900 சதுர அடி, இரண்டு படுக்கையறை, பின்னால் தோட்டம். மற்றது 3 சென்டில் 1,200 சதுர அடி, மூன்று படுக்கையறை. நாங்கள் ஐந்து பேர். எதை வாங்கலாம்?

பதில்: 3 சென்ட் என்பதே சுமார் 1,307 சதுர அடிதான். அதில் 1,200 கட்டிடம் என்றால் சுற்றிலும் விட வேண்டிய இடத்தை விடவில்லை என்று அர்த்தம். வரைபட அனுமதியைக் கேளுங்கள்; வங்கிக் கடன் அங்கேதான் சிக்கலாகும். காற்றும் வராது.

முதல் வீடே மேல். பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறையை அனுமதி பெற்றுப் பிறகு கட்டலாம், மண்ணைக் கூட்ட முடியாது. ஆனால் தோட்டம் மேற்கில் இருந்தால் மாலை வெயில் உட்கார விடாது; வேம்பு வையுங்கள், சுவரை ஒட்டி வேண்டாம். திறந்தவெளித் தளத்துக்குப் பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலம் வாட்டம் (சரிவு) தேவை, இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கும். ஆத்தங்குடிக் கல்லை, அதாவது கையால் செய்யும் சிமென்ட் தரை ஓட்டை, அங்கே பதிக்காதீர்கள். அதன் அழகெல்லாம் கூரைக்குக் கீழேதான்.