யார் சமைத்தது, எப்படிச் சாப்பிட்டோம்?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைத்தான் சொல்கின்றன: வீட்டில் சமைப்பது குறைந்துவிட்டது, என்ன செய்வது? 'நேற்று காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டீர்கள்?' என்று நோயாளிகளிடம் கேட்டே, மருத்துவமனை உணவியல் பிரிவில் என் வேலைக்காலம் முழுவதும் போனது. அந்தக் கேள்விக்கான பதில் என் கண் முன்னாலேயே மாறியது. முன்பு சாப்பாட்டின் பெயரைச் சொல்வார்கள். போகப் போக பாக்கெட்டின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்கள். அதை மனதில் வைத்துத்தான் இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். வாரத்தில் பாதி நாள் இரவுச் சாப்பாடு செயலியில் ஆர்டர் செய்வதுதான். மனசு உறுத்துகிறது. வெளியில் வாங்குவது எல்லாமே கெடுதலா அம்மா?

இல்லை. ஒரு சமையல்காரர் காய் நறுக்கி, அடுப்பில் வைத்துச் செய்து கொடுப்பது சாப்பாடு. அதில் உப்பும் எண்ணெயும் வீட்டில் போடுவதைவிடக் கூடுதலாக இருக்கலாம், அது வேறு விஷயம். நான் அதிகம் கவலைப்படுவது தொழிற்சாலையில் உருவாகி வரும் உணவைப் பற்றி. பிரேசிலின் சாவோ பாலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மொன்டெய்ரோவும் அவரது குழுவினரும் உணவுகளை, பதப்படுத்தும் அளவை வைத்து நான்கு வகையாகப் பிரித்தார்கள். நான்காவது வகைக்கு 'அதீதமாகப் பதப்படுத்தியவை' என்று பெயர். எந்த வீட்டுச் சமையலறையிலும் இல்லாத பொருட்கள் சேர்ந்தவை இவை: சுவையூட்டி, நிறமூட்டி, எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் பிடித்து வைக்கும் ரசாயனம், இப்படி.

அவற்றால் என்ன ஆகிறது என்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் சோதித்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். 20 பேரை அங்கேயே தங்கவைத்து, இரண்டு வாரம் அதீதமாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரண உணவு கொடுத்தார்கள். பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். பதப்படுத்திய உணவு கிடைத்த வாரங்களில் ஒவ்வொருவரும் சராசரியாக நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். ஏறக்குறைய ஒரு கிலோ எடையும் கூடியது. இன்னொன்றையும் கவனித்தார்கள்: அந்த உணவை எல்லோரும் வேகமாகச் சாப்பிட்டார்கள். மென்மையாக இருக்கிறது, மெல்ல வேண்டியதே இல்லை. 'போதும்' என்று வயிறும் குடலும் மூளைக்குச் சொல்லி முடிப்பதற்குள் தட்டு காலியாகிவிடுகிறது.

அதனால் ஆர்டர் செய்யும் நாளில் நான்கு விஷயம் பாருங்கள். மென்று சாப்பிட வேண்டிய உணவாக வாங்குங்கள். கூடவே ஒரு காயோ பழமோ வீட்டிலிருந்து தட்டில் சேரட்டும், நறுக்கி வைத்தால் போதும். பாட்டில் பானம் வேண்டாம், தண்ணீர் வையுங்கள். அப்புறம், பெட்டியிலிருந்தே சாப்பிடாமல் தட்டில் போட்டு, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு உட்காருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இருவரும் வேலைக்குப் போகிறீர்கள், மனசு உங்களுக்கு மட்டும் ஏன் உறுத்துகிறது? கடிதம் முழுக்க 'நான் சமைக்க முடியவில்லை' என்றுதான் இருக்கிறது. வாரத்தில் இரண்டு இரவு அவர் சமைக்கட்டும். முதல் மாதம் ருசி முன்பின் இருக்கும், பரவாயில்லை. இதை நான் உறுதியாகவே சொல்கிறேன். சமைக்கத் தெரிந்தவர் ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில், அவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு எல்லோருக்கும் பாக்கெட்தான்.

கேள்வி: 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று போட்ட பிஸ்கட், பழச்சாறு எல்லாம் வாங்குகிறேன். நம்பலாமா?

முன்பக்கத்தைப் படிக்காதீர்கள், பாக்கெட்டைத் திருப்புங்கள். பெரும்பாலான நாடுகளில், சேர்ந்திருக்கும் பொருட்களை எடைப்படி, அதிகமானதை முதலில் வைத்து வரிசையாக எழுத வேண்டும் என்பது விதி. முதல் மூன்று பெயர்களைப் பார்த்தாலே அந்த உணவு என்னவென்று தெரிந்துவிடும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சர்க்கரையை ஒரே பெயரில் போட்டால் மேலே வந்துவிடும் என்று குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் எனப் பிரித்துச் சேர்க்கிறார்கள். தனித்தனியாக எல்லாம் கீழே போய்விடுகின்றன. மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்றொரு பெயரும் வரும். அது கணக்கில் சர்க்கரை இல்லை, ஆனால் ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும்.

ஊட்டச்சத்து அட்டவணையில் 'ஒரு பரிமாறலுக்கு' என்ற கட்டத்தை விட்டுவிட்டு '100 கிராமுக்கு' என்ற கட்டத்தைப் பாருங்கள். ஒரு பரிமாறல் என்றால் இரண்டு பிஸ்கட் என்று அவர்களே முடிவு செய்திருப்பார்கள். 4 கிராம் சர்க்கரை ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன வரம்பு, நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்குச் சுமார் 50 கிராம். 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது. தேனும் பழச்சாறும் இந்தக் கணக்கில் சேரும், முழுப் பழம் சேராது. ஆகவே அந்தப் பழச்சாற்றில் தனியாகச் சர்க்கரை போடவில்லை என்பது உண்மையாகவே இருந்தாலும், பழத்தைச் சாப்பிடுவதற்கு அது ஈடாகாது.

சர்க்கரைக்குப் பதில் செயற்கை இனிப்பு போட்டவற்றுக்கு மாறலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எடையைக் கட்டுக்குள் வைக்க அவற்றை நம்ப வேண்டாம் என்று அதே நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. இனிப்பின் அளவையே மெல்லக் குறையுங்கள், நாக்கு பழகிக்கொள்ளும்.

கேள்வி: என் ஐந்து வயது மகன் காய்கறியைத் தொடுவதே இல்லை. கெஞ்சி, கைப்பேசியைக் காட்டித்தான் ஊட்டுகிறேன்.

கைப்பேசியை நிறுத்துங்கள். திரையைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்கும் குழந்தைக்குத் தன் பசியும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. எலின் சாட்டர் என்ற உணவியல் நிபுணர் வகுத்த ஒரு பிரிவினையை நான் நிறைய தாய்மார்களுக்குச் சொல்லியிருக்கிறேன். எதை, எப்போது, எங்கே கொடுப்பது என்பது பெரியவர்கள் பொறுப்பு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. புதிய காயை ஒரு குழந்தை ஏற்க 8 முதல் 15 முறை அதைச் சந்திக்க வேண்டியிருக்கலாம். பல வீடுகளில் மூன்றாம் முறையிலேயே 'இவனுக்குப் பிடிக்காது' என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு சிறு துண்டைத் தட்டில் வையுங்கள், பேச்சே எடுக்காதீர்கள். நீங்கள் அதை ரசித்துச் சாப்பிடுவதை அவன் பார்த்தால் போதும்.

கேள்வி: எனக்கு இரவுப் பணி. நள்ளிரவில் பசிக்கிறது. எப்போது சாப்பிடுவது?

முழுச் சாப்பாட்டைப் பணிக்குக் கிளம்புவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். இரவில் உடம்பு சர்க்கரையைச் சரியாகக் கையாள்வதில்லை. இரவுப் பணி போலவே ஏற்பாடு செய்து பாஸ்டனில் நடத்திய ஒரு ஆய்வு 2021இல் வெளிவந்தது. இரவிலும் சாப்பிட்டவர்களுக்கு ரத்தச் சர்க்கரை ஏறியது, பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஏறவில்லை. நள்ளிரவில் தாங்க முடியாவிட்டால் கொஞ்சம் கொட்டை வகையோ ஒரு முட்டையோ போதும். நீரிழிவுக்கு மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவராக இருந்தால் மட்டும், மருத்துவரைக் கேட்காமல் நேரத்தை மாற்றாதீர்கள்.

கேள்வி: மனைவி போன பிறகு தனியாக இருக்கிறேன். வயது 71. ஒருவருக்காகச் சமைக்க மனம் வரவில்லை. டீயும் பிஸ்கட்டும் ரொட்டியுமாக ஓடுகிறது. பசியும் இல்லை. இந்த வயதில் இது போதாதா?

போதாது ஐயா. உங்கள் கடிதத்தைத்தான் இந்த மாதம் பலமுறை படித்தேன். வயதானால் குறைவாகச் சாப்பிட்டால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். கலோரி குறையலாம், புரதம் குறையக் கூடாது. வயது ஏற ஏறத் தசை கரையும், தசை கரைந்தால் விழுவது அதிகமாகும். சிறுநீரகக் கோளாறு இல்லாத முதியவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, நாளுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். நீங்கள் 60 கிலோ என்றால் 60 முதல் 72 கிராம் வரை. டீயும் பிஸ்கட்டும் அதன் பக்கத்தில்கூட வராது.

பெரிய சமையல் வேண்டாம். மூன்று வேளையிலும் முட்டை, பால், தயிர், பருப்பு, மீன் என்று ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும். சமைக்கும் நாளில் இரண்டு வேளைக்குச் சேர்த்துச் செய்து, பாதியை உடனே குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வாரம் ஒருமுறையாவது யாரையாவது சாப்பிட அழையுங்கள், அல்லது நீங்கள் போங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் கை தானாக இன்னொரு கவளம் எடுக்கும்.

ஆறு மாதத்தில் முயற்சி செய்யாமலே மூன்று கிலோ குறைந்திருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். மனைவி போன துக்கத்தாலேயே பசி அடங்கிப்போயிருக்கலாம், அதையும் அவரிடம் சொல்லுங்கள். பல்லையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மெல்ல முடியாததால் ரொட்டிக்கும் பிஸ்கட்டுக்கும் மாறியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பல்செட் சரிசெய்த பிறகு அவர்கள் மறுபடி சாப்பிட ஆரம்பித்தார்கள். அடுத்த மாதம் எடை பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.