வீட்டிலேயே ஒலிப்பதிவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (ஒரு வாசகி, கும்பகோணம்): நான் கர்நாடக இசை பாடுகிறேன், என் கணவர் மிருதங்கம் வாசிக்கிறார். சிறுகச் சிறுகச் சேர்த்த இருபதாயிரம் ரூபாய் கையில் இருக்கிறது. மடிக்கணினி ஏற்கெனவே உண்டு. இருவரும் சேர்ந்து வீட்டிலேயே பதிவு செய்ய எவற்றை வாங்க வேண்டும்? கண்டென்சர் மைக் இல்லாமல் நல்ல பதிவு வராது என்று நண்பர்கள் சொல்வது உண்மையா?

பதில்: அந்தத் தொகைக்குள் நல்ல பதிவைச் செய்ய முடியும். உங்களுக்கு வேண்டியவை இரண்டு மைக், ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், காதை முழுவதும் மூடும் ஒரு ஹெட்ஃபோன், இரண்டு ஸ்டாண்டு, இரண்டு எக்ஸ்எல்ஆர் கேபிள் (மைக்கை இணைக்கும் மூன்று முள் கேபிள்) ஆகியவை மட்டுமே. ஸ்பீக்கர் வாங்குவதை ஓராண்டுக்காவது தள்ளிப்போடுங்கள்.

மைக்கிலிருந்து வரும் மிகச் சிறிய மின்னலையைப் பெருக்கி, எண்களாக மாற்றி, யுஎஸ்பி வழியாகக் கணினிக்கு அனுப்பும் சிறு பெட்டியே இன்டர்ஃபேஸ். இதை வாங்கும்போதுதான் பலர் தவறிவிடுகிறார்கள். இரண்டு உள்ளீடுகள் உண்டு என்று விளம்பரத்தில் இருக்கும். ஆனால் பெஹ்ரிங்கர் யுஎம்சி22, ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ போன்றவற்றில் மைக் செருகும் இடம் ஒன்றுதான், மற்றது கிட்டார் போன்ற வாத்தியங்களுக்கானது. தனியாகப் பாடுபவருக்கு அவை போதும். உங்கள் வீட்டில் பாட்டும் மிருதங்கமும் ஒரே நேரத்தில் பதிவாக வேண்டும் என்பதால், இரண்டு மைக் உள்ளீடுகள் கொண்ட யுஎம்சி202எச்டி, ஸ்கார்லெட் 2ஐ2 போன்ற ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் தொகைக்கு முதலாவதே பொருந்தும் என்பது என் கருத்து. ஏறக்குறைய பாதிப் பணம் இதற்குச் சென்றாலும் கவலைப்பட வேண்டாம், ஏனெனில் பின்னாளில் மைக்கை மாற்றினாலும் இந்தப் பெட்டி பல ஆண்டுகள் உங்களுடனேயே இருக்கும்.

இனி மைக். காந்தமும் கம்பிச் சுருளும் கொண்டு இயங்குவது டைனமிக் வகை, வெளியிலிருந்து மின்சாரம் பெற்று இயங்குவது கண்டென்சர் வகை. கண்டென்சர் மைக் நுட்பமான ஒலியையும் எடுக்கும் என்பது உண்மை. அதன் உணர்திறன் எவ்வளவு கூடுதல் என்பதற்கு ஒரு கணக்கைச் சொல்கிறேன்: ஒரே அளவு ஒலி அழுத்தத்தில் ஷூர் எஸ்எம்58 என்னும் டைனமிக் மைக் ஏறத்தாழ 1.85 மில்லிவோல்ட் தருகிறது. ஆடியோ டெக்னிகா ஏடி2020 என்னும் கண்டென்சர் மைக் ஏறத்தாழ 14 மில்லிவோல்ட் தருகிறது. வீணை போன்ற மெல்லிய ஒலியுள்ள வாத்தியத்தைப் பதிவு செய்பவர்களுக்கு இந்த வேறுபாடு பெரிதும் உதவும், ஏனெனில் டைனமிக் மைக்கை வைத்தால் இன்டர்ஃபேஸின் பெருக்கத்தை உச்சம் வரை திருப்ப நேர்ந்து இரைச்சலும் சேர்ந்துகொள்ளும். மனிதக் குரலுக்கும் மிருதங்கத்துக்கும் அந்தச் சிக்கல் இல்லை.

டைனமிக் மைக் அறையின் ஒலியை எடுக்காது என்று கடைகளில் சொல்வார்கள். அதுவும் பாதி உண்மைதான். ஒரே தூரத்தில், ஒரே திசைப்பண்புடன் (எந்தப் பக்கத்து ஒலியை எடுக்கும் என்னும் தன்மை) வைத்தால் இரண்டு வகை மைக்குகளும் அறையை ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் எடுக்கும். டைனமிக் மைக்கை நாம் வாய்க்கு அருகில் வைத்துக்கொள்கிறோம் என்பதே பதிவு சுத்தமாக இருப்பதற்குக் காரணம். தூரம் பாதியாகக் குறைந்தால் நேரடி ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் கூடுகிறது. அறையிலிருந்து திரும்பி வரும் எதிரொலியோ கூடுவதில்லை. 1925-க்கு முன்பு, மைக் இல்லாமல் பெரிய ஊதுகுழல் ஒன்றின் முன் நின்று பாடிப் பதிவு செய்த காலத்தில், யார் எவ்வளவு அருகில் நிற்க வேண்டும் என்பதைக் கொண்டே ஒலியளவைச் சமன் செய்தார்கள். இன்றைக்கும் நம் கையில் உள்ள கருவிகளில் செலவே இல்லாதது அந்தத் தூரம்தான்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது இரண்டு டைனமிக் மைக். எஸ்எம்58 1966-இலிருந்து விற்பனையில் உள்ளது, நம்பி வாங்கலாம்; ஆனால் அதன் போலிகள் சந்தையில் ஏராளம் என்பதால் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் பில்லுடன் மட்டுமே வாங்குங்கள். இரண்டு எஸ்எம்58 வாங்கினால் உங்கள் கணக்கு மீறிவிடும். பெஹ்ரிங்கர் எக்ஸ்எம்8500 போன்ற மலிவான மைக் இரண்டுடன் தொடங்கினால், ஹெட்ஃபோன், ஸ்டாண்டு, கேபிள் எல்லாம் ஏறத்தாழ அந்த இருபதாயிரத்தில் அடங்கிவிடும். கேபிளில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

இருவரும் எதிரெதிரே அமருங்கள். கார்டியாய்டு வகை மைக்குகள் தம் பின்புறத்திலிருந்து வரும் ஒலியை மிகக் குறைவாகவே எடுக்கும். உங்கள் முன் உள்ள மைக் உங்களைப் பார்த்திருந்தால் அதன் முதுகு மிருதங்கத்தின் பக்கம் இருக்கும். இருவர் ஒலியும் பெருமளவு தனித்தனியாகப் பதிவாகும். மிருதங்கத்துக்கு ஒரே மைக் என்பதால், அதை வலந்தலைக்கும் (வலப்பக்க முகம்) தொப்பிக்கும் (இடப்பக்க முகம்) நடுவே, வாத்தியத்துக்கு முன்னால் ஓரிரு அடி தள்ளிச் சற்று உயரத்தில் வைத்து, தொப்பியின் கும்கி என்னும் ஆழ்ந்த ஒலி தெளிவாகக் கேட்கும் வரை இடம் மாற்றிப் பாருங்கள். தம்புராவை அறையில் ஒலிக்கவிட வேண்டாம். சுருதியை ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டுப் பாடி, பிறகு தனித் தடமாகச் சேர்த்துக்கொண்டால் தவறான இடத்தை வெட்டி ஒட்டுவது எளிதாகும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஸ்ப்ளிட்டர் ஒன்றை வாங்கினால், கைபேசியுடன் வந்த பழைய இயர்ஃபோனையே உங்கள் கணவர் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கேள்வி (ஒரு வாசகர், மதுரை): என் அறையில் பாடினால் குளியலறையில் பாடுவதுபோல் பதிவாகிறது. சுவர் முழுவதும் முட்டை அட்டைகளை ஒட்டலாம் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் ஒரு அங்குல ஸ்பாஞ்சு வாங்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். இந்தக் கேள்வியை நீங்கள் மைக் வாங்குவதற்கு முன்பே கேட்டிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன், ஏனெனில் நம் ஊர் வீடுகளில் பதிவு கெடுவதற்கு மைக்கைவிட அறையே பெரும்பாலும் காரணம். கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, பூசி மெழுகிய சுவர் ஆகிய மூன்றும் ஒலியைக் கண்ணாடிபோல் திருப்பி அனுப்புகின்றன. அறையின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி படபடவென்று துடிப்பது கேட்கும்.

ஒலியை உறிஞ்சுவதற்குத் தடிமன் வேண்டும். சுவரோடு ஒட்டிய பொருள், ஒலியலையின் நீளத்தில் கால் பங்கு தடிமனாவது இருந்தால்தான் அந்த ஒலியை நன்றாக உறிஞ்சும். ஒரு அங்குல ஸ்பாஞ்சு 3,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கீச்சொலிகளைத்தான் முழுமையாக அடக்கும். ஆண் குரலின் அடிப்படை ஒலி 100 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கிறது, அதன் அலை நீளமோ ஏறத்தாழ 3.4 மீட்டர். மெல்லிய ஸ்பாஞ்சை அறை முழுவதும் ஒட்டினால் குரலின் தெளிவு போய்விடும், கும்மென்ற ஒலி மட்டும் அப்படியே மிஞ்சும். முட்டை அட்டை அதைவிடவும் மெல்லியது. எளிதில் தீப்பிடிக்கவும் கூடியது.

வீட்டில் உள்ள இலவம்பஞ்சு மெத்தையைப் பயன்படுத்துங்கள். அதை எங்கே நிறுத்துவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெரும்பாலானோர் மைக்குக்குப் பின்னால் நிறுத்துகிறார்கள். மைக் பார்ப்பது உங்களை. எனவே அது கேட்பது உங்களுக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து திரும்பி வரும் ஒலியை. மெத்தையை உங்கள் முதுகுக்குப் பின்னால் நிறுத்துங்கள். முடிந்தால் மூலையில் இரண்டு மெத்தைகளைச் சாய்த்து, அவற்றுக்கு முதுகு காட்டி நின்று பாடுங்கள். தரையில் ஜமுக்காளத்தை நான்காக மடித்து விரியுங்கள். புடவைகள் நிறைந்த அலமாரி இருந்தால் அதன் கதவைத் திறந்து வையுங்கள், அதுவும் நன்றாகவே உறிஞ்சும்.

பிறகு பணம் சேரும்போது, மரச் சட்டத்துக்குள் நான்கு அங்குலத் தடிமனில் ராக்வூல் (கல் இழைப் பஞ்சு) வைத்து, இழைகள் வெளியே வராதபடி நெருக்கமான துணியால் மூடிய பலகைகள் நான்கைத் தச்சரிடம் செய்துகொள்ளலாம். இவை எதுவும் தெரு ஒலியை உள்ளே வராமல் தடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதைத் தடுக்கக் கனமான சுவரும் இடைவெளியற்ற கதவும் வேண்டும், வாடகை வீட்டில் அது நடக்காத காரியம். நான் பல ஆண்டுகளாக அதிகாலை நாலரை மணிக்கு எழுந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, பால்காரர் வருவதற்குள் பதிவை முடித்துவிடுகிறேன்.

கேள்வி (ஒரு கல்லூரி மாணவர், திருநெல்வேலி): இணையத்தில் மிக மலிவாக ஒரு கண்டென்சர் மைக் தொகுப்பு கிடைக்கிறது. ஸ்டாண்டு, வாய்க்காற்று மைக்கில் படாமல் தடுக்கும் வடிகட்டி, கேபிள் எல்லாம் சேர்த்தே தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம் என்று என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். நானும் தொடக்கத்தில் இப்படி ஒன்றை வாங்கினேன். அதன் கேபிளின் ஒரு முனையில், கைபேசி இயர்ஃபோனில் இருப்பது போன்ற 3.5 மில்லிமீட்டர் முள் இருந்தது. முறையான கண்டென்சர் மைக்குக்கு இன்டர்ஃபேஸ் 48 வோல்ட் மின்னழுத்தம் தருகிறது. ஃபேண்டம் பவர் என்பது அதுதான். கணினியின் மைக் துளை தருவதோ சில வோல்ட்டுகள். குரல் எங்கோ தொலைவில் கேட்க, இரைச்சல் மட்டும் முன்னால் நின்றது. தொகுப்பு முழுவதும் ஒரு மாதத்தில் பரணுக்குப் போயிற்று. அந்தப் பணத்துடன் இன்னும் இரண்டு மாதம் சேர்த்திருந்தால் இன்றும் பயன்படும் ஒரு மைக் கிடைத்திருக்கும் என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது.

இன்டர்ஃபேஸ் வாங்கவே இயலாதென்றால் சாம்சன் க்யூ2யு போன்ற டைனமிக் மைக்கைப் பாருங்கள். அதில் யுஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் இரண்டும் உள்ளன. இன்று நேரே கணினியில் செருகலாம், நாளை இன்டர்ஃபேஸ் வாங்கும்போது அதே மைக்கை அதில் இணைக்கலாம்.

கேள்வி (ஒரு நாதசுரக் கலைஞர், திருவாரூர்): எங்கள் வாத்தியத்தை வீட்டில் பதிவு செய்தால் காதைக் கிழிக்கிறது, ஒலி உடைந்தும் போகிறது. எந்த மைக் பொருந்தும், எங்கே வைப்பது?

பதில்: ஷூர் எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக் எவ்வளவு உரத்த ஒலியையும் தாங்கும். பெரும்பாலும் உடைவது மைக் அல்ல, இன்டர்ஃபேஸின் பெருக்கம் அளவு மீறியிருப்பதுதான் காரணம். மென்பொருளில் 24 பிட் (ஒலியளவை எவ்வளவு நுணுக்கமாகக் குறிப்பது என்னும் அமைப்பு) என்பதைத் தேர்ந்து பதிவு செய்யுங்கள். மிக உரத்த பிருகாவின்போதும் அளவுகாட்டி மைனஸ் 10 அல்லது மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி குமிழைக் குறைத்து வையுங்கள். 24 பிட்டின் வீச்சு கோட்பாட்டளவில் 144 டெசிபல் என்பதால், குறைவாகப் பதிவானதைப் பின்னர் உயர்த்திக்கொள்வதில் இழப்பு இல்லை. உடைந்ததை மீட்கவோ வழியில்லை.

மைக்கை அணசுக்கு (குழலின் அடியில் விரிந்திருக்கும் வாய்) நேரே வைப்பதுதான் வழக்கமான பிழை. துளைக்கருவிகளில் ஒலி அடிவாயிலிருந்து மட்டும் வருவதில்லை, திறந்திருக்கும் விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. அதனால் அணசின் முன்னே வைத்த மைக்கில் சில சுரங்கள் பாய்ந்தும் சில அடங்கியும் கேட்கும். குழலின் நடுப்பகுதியைப் பார்த்தபடி, மூன்று நான்கு அடி தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். இவ்வளவு தள்ளி வைக்கும்போது சிறிய அறையின் எதிரொலி கூடிவிடும். காற்று அடிக்காத விடியற்காலையில் மொட்டை மாடி கிடைக்குமானால் அங்கேயே வாசியுங்கள். கூரையும் சுவரும் இல்லாத இடத்தில் அந்த வாத்தியம் பதிவாகும் அழகைக் கேட்ட பிறகு நான் அதை அறைக்குள் பதிவு செய்வதையே விட்டுவிட்டேன். பின்னணியில் காகம் கரைவதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கேள்வி (ஒரு வாசகி, கோயம்புத்தூர்): பாடும்போது என் குரலே ஹெட்ஃபோனில் சற்றுத் தாமதமாகக் கேட்பதால் தாளம் தவறுகிறது. கூடவே ஒரு ரீங்காரமும் இருக்கிறது. கணினியை மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்ற வேண்டாம். நீங்கள் ப்ளூடூத் ஹெட்ஃபோன் பயன்படுத்தினால் முதலில் அதை எடுத்து வையுங்கள், அதன் தாமதத்தில் யாராலும் பாட முடியாது. கம்பியுள்ள ஹெட்ஃபோனிலும் தாமதம் இருந்தால், உங்கள் இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் குரல் கணினிக்குள் போய்த் திரும்பாமல் நேரே காதுக்கு வரும். அதே நேரத்தில் மென்பொருளில் அந்தத் தடத்தின் ஒலியை அணைத்துவிடுங்கள், இல்லையேல் குரல் இரண்டு முறை கேட்கும். பொத்தான் இல்லாவிட்டால் தயாரிப்பாளர் தரும் ஆசியோ டிரைவரை (தாமதத்தைக் குறைக்கும் இணைப்பு மென்பொருள்) நிறுவி, பஃபர் அளவை, அதாவது கணினி ஒரே தடவையில் சேர்த்து வைத்துக் கையாளும் ஒலித் துணுக்குகளின் எண்ணிக்கையை, 128 சாம்பிளுக்குக் குறையுங்கள். 48,000 ஹெர்ட்ஸில் அது 2.7 மில்லிவினாடிதான், போகவர மற்றத் தாமதங்களையும் சேர்த்தாலும், சில அடி தள்ளி உட்கார்ந்திருப்பவரின் வாத்தியம் உங்கள் காதை வந்தடையும் நேரத்தைவிட அதிகம் கூடாது.

ரீங்காரத்துக்கு, மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் பதிவு செய்து பாருங்கள். அது நின்றுவிட்டால் குற்றம் சார்ஜரிலோ வீட்டின் எர்த்திலோ இருக்கிறது. எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள், எந்த நிலையிலும் மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை நீக்கிவிடாதீர்கள். நிற்காவிட்டால் டியூப்லைட்டையும் மின்விசிறி ரெகுலேட்டரையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். மைக் கேபிள் மின்கம்பியோடு சேர்ந்து ஓடினால் பிரித்துவிடுங்கள்.

கேள்வி (ஒரு வாசகர், தஞ்சாவூர்): மென்பொருளுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

பதில்: இப்போதைக்கு எதுவும் வேண்டாம். ஆடாசிட்டி இலவசம். ஆப்பிள் கணினி இருந்தால் கராஜ்பேண்ட் இலவசம். பல தடங்களில் முறையாக வேலை செய்ய ரீப்பர் நல்லது; அதை 60 நாள் முழுமையாகச் சோதித்துப் பார்க்கலாம், பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். திருட்டுப் பிரதிகளை நிறுவாதீர்கள்; அவற்றோடு வரும் வைரஸ் உங்கள் பதிவுகளையும் சேர்த்து அழிக்கலாம். மென்பொருளுக்கு என்று ஒதுக்கிய பணத்தில் ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி, ஒவ்வொரு பதிவையும் அன்றைக்கே அதில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.