சனிக்கிழமை இரண்டு வெற்றி, ஞாயிற்றுக்கிழமை இரண்டு தோல்வி: எங்கள் கூடைப்பந்து அணிக்கு என்ன ஆனது?

கேள்வி: சிங்கப்பூரில் என் மகனின் 14 வயதுக்குட்பட்டோர் அணி வார இறுதிப் போட்டியில் சனிக்கிழமை 52–30, 38–36 என்று ஜெயித்தது. ஞாயிறு காலை 34–41, மதியம் 25–40 என்று தோற்றது. எங்கள் பிரிவில் மூன்று அணிகளுக்குத் தலா 2 வெற்றி, 1 தோல்வி. எங்களைத் தோற்கடித்த அணியை, நாங்கள் தோற்கடித்த அணி 4 புள்ளியில் ஜெயித்திருக்கிறது. ஆனால் அரையிறுதிக்கு அவர்கள் இருவரும் போய்விட்டார்கள், எங்களுக்கு 8 அணிகளில் 6ஆவது இடம். கோச் சரியில்லையா, பையன்கள் சோம்பேறிகளா, நடுவர்கள் ஓரவஞ்சனையா? ஸ்கோர்ஷீட் படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்:

முதலில், ஸ்கோர்ஷீட்டைப் படம் பிடித்துப் போட்டதற்கு நன்றி. முக்கால்வாசிப் பெற்றோர் மேசையில் உட்கார்ந்து அந்தத் தாளை எழுதுகிறவர்களிடம் "கடிகாரம் ஏன் நிக்கல?" என்று கத்துவார்கள். ஆட்டம் முடிந்தபின் தாளை யாரும் சீந்த மாட்டார்கள். நீங்கள் கேட்டதில் பாதிக்குமேல் அந்தத் தாளிலேயே பதில் இருக்கிறது.

நடுவர் கதையை உடனே முடித்துவிடலாம். ஞாயிறு காலை ஆட்டத்தில் உங்கள் பையன்கள் மேல் 17 ஃபவுல், எதிரணி மேல் 16. இதில் ஓரவஞ்சனை எங்கே இருக்கிறது?

அரையிறுதிக் கணக்கு இப்படி. ஃபீபா (உலகக் கூடைப்பந்துச் சம்மேளனம்) விதிப்படி அணிகள் சமநிலையில் இருந்தால், சமநிலையில் உள்ள அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும்தான் பார்ப்பார்கள். முதலில் அவற்றில் யார் எத்தனை ஜெயித்தார்கள், அதுவும் சமம் என்றால் அந்த ஆட்டங்களின் புள்ளி வித்தியாசம். உங்கள் முதல் ஆட்டத்தின் 52–30, பிரிவில் கடைசியாக வந்த அணிக்கு எதிரானது. அந்த 22 புள்ளி கணக்கிலேயே வராது. மிச்சம்: 38–36இல் +2, 34–41இல் –7, ஆக –5. நீங்கள் ஜெயித்த அணிக்கு –2, +4, ஆக +2. உங்களை ஜெயித்த அணிக்கு +7, –4, ஆக +3. மூன்றாவது நீங்கள். சில ஏற்பாட்டாளர்கள் பிரிவின் எல்லா ஆட்டங்களையும் சேர்த்து வித்தியாசம் பார்ப்பார்கள், எனவே "எங்க போட்டியில அப்படி இல்லையே" என்று யாரும் கீழே வந்து சண்டை போட வேண்டாம். விதித்தாளில் எது எழுதியிருக்கிறதோ அதுதான். இவர்களுடைய முடிவு ஃபீபா முறையோடு பொருந்துகிறது.

இப்போது கவனியுங்கள். ஞாயிறு காலை 7க்குப் பதில் 2 புள்ளியில் தோற்றிருந்தால் உங்களுக்கு 0, எதிரணிக்கு –2. நீங்கள் இரண்டாவதாக வந்து அரையிறுதியில் ஆடியிருப்பீர்கள். அல்லது சனிக்கிழமை மதியம் 2க்குப் பதில் 7 புள்ளியில் ஜெயித்திருந்தாலும் அதே அரையிறுதி. அதாவது ஏதோ ஓர் ஆட்டத்தில் 5 புள்ளி. அந்த 5 புள்ளி எங்கே போனது என்று தாளில் தேடலாம்.

ஞாயிறு காலைத் தாளை எடுங்கள். ஓடும் ஸ்கோர் பத்தியில் எண்மேல் சாய்கோடு இருந்தால் இரண்டு புள்ளிக் கூடை, சட்டை எண்ணைச் சுற்றி வட்டம் இருந்தால் மூன்று புள்ளி, கறுப்பாக நிரப்பிய பொட்டு வைத்திருந்தால் ஃப்ரீ த்ரோ, அதாவது ஃபவுலுக்காகக் கிடைக்கும் ஒரு புள்ளி வீச்சு. உங்கள் பக்கம் 14 கூடைகள், அதில் ஒன்றுதான் மூன்று புள்ளி. ஃப்ரீ த்ரோ 5. உள்ளே போகாத ஃப்ரீ த்ரோவை அந்தப் பத்தி காட்டாது. அதற்கு எதிரணியின் ஃபவுல் கட்டங்களைப் பார்க்க வேண்டும். அங்கே "பி" எழுத்துக்குப் பக்கத்தில் சின்னதாக 2 போட்டிருந்தால் அந்த ஃபவுலுக்கு இரண்டு வீச்சு, 1 போட்டிருந்தால் ஒரு வீச்சு. இரண்டு வீச்சு ஃபவுல் 7, ஒரு வீச்சு ஃபவுல் 1. மொத்தம் 15 வீச்சு, உள்ளே போனது 5. பத்து வீண். நீங்கள் தோற்றது 7இல்.

இன்னும் ஒன்று. பாதி ஆட்டம் முடிந்ததும் ஃபவுல் கட்டங்களில் தடித்த கோடு ஒன்று போடுவார்கள். கோட்டுக்கு முந்தைய ஃபவுல்களில் உங்களுக்குக் கிடைத்தது 4 வீச்சு, 3 உள்ளே. கோட்டுக்குப் பிந்தையவற்றில் 11 வீச்சு, 2 உள்ளே. அதே பையன்கள், அதே கூடை. கால் ஓய்ந்தால் பந்து முன்வளையத்தில் இடித்துத் திரும்பும், ஏனென்றால் இந்த வயதில் வீச்சின் பலம் தோளில் இல்லை, முட்டியை மடக்கி எழும்புவதில்தான். வளையத்தின் வலது, இடது பக்கம் பட்டு வெளியே போனால் கைப் பழக்கம் சரியில்லை. முன்னால் இடித்தால் கால் போய்விட்டது. அடுத்த முறை பார்வையாளர் இருக்கையிலிருந்து இதை மட்டும் கவனியுங்கள், ஸ்கோர் பலகையைவிட முன்னதாகவே ஆட்டம் போகும் திசை தெரியும்.

கால் ஏன் ஓய்ந்தது? இங்கேதான் கோச்சைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவரைக் காப்பாற்றவும் நான் வரவில்லை, கவிழ்க்கவும் வரவில்லை. சனிக்கிழமை முதல் ஆட்டத்தின் தாளில் 12 பேர் பெயர் இருக்கிறது. ஆடுகளத்தில் இறங்கியவர்களுக்குப் பெயர்ப் பக்கத்தில் பெருக்கல் குறி போடுவார்கள், தொடக்க ஐவருக்கு அந்தக் குறியைச் சுற்றி வட்டம். குறி உள்ளது 7 பேருக்குத்தான். மூன்றாம் காற்பகுதி முடிவில் 43–19, அப்போதும் பெஞ்சில் 5 பேர் அப்படியே. மதிய ஆட்டத்திலும் அதே 7 பேர். 8 நிமிடக் காற்பகுதி நான்கு, ஆக 32 நிமிடம். ஐந்து பேர் என்றால் ஆட்டத்துக்கு 160 ஆள்-நிமிடம். இரண்டு ஆட்டத்துக்கு 320. 12 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 27 நிமிடம்கூட இல்லை. 7 பேருக்குப் பிரித்தால் 46. ஞாயிறு காலை 9 மணிக்கு வந்து நின்ற கால்கள் அவை.

இதற்கு எளிய வழி இருக்கிறது. ஆட்டத்தை 4 நிமிடத் துண்டுகளாக வெட்டினால் 8 துண்டு, துண்டுக்கு 5 பேர், மொத்தம் 40 இடம். பலவீனமான அணியோடு ஆடும்போது சிறந்த நால்வருக்கு ஆளுக்கு 4 துண்டு, மற்ற 8 பேருக்கு ஆளுக்கு 3 துண்டு. 16ம் 24ம் சேர்ந்து 40. நெருக்கமான ஆட்டம் என்றால் ஐவருக்கு 5 துண்டு, அடுத்த ஐவருக்கு 3 துண்டு, அதுவும் 40தான். ஒரு தாளில் கட்டம் போட்டு முன்கூட்டியே எழுதி வைத்தால், ஆட்டச் சூட்டில் யாரை மாற்றுவது என்று திணற வேண்டியதில்லை. 20 புள்ளி முன்னிலைக்குப் பிறகு தொடக்க ஐவர் உட்கார வேண்டும். அந்த அணியோடு 22இல் ஜெயித்தாலும் 12இல் ஜெயித்தாலும் உங்கள் சமநிலைக் கணக்கில் ஒன்றுதான் என்று மேலே பார்த்தோமே.

"சின்னப் பசங்க லா, இவ்வளவு கணக்கு எதுக்கு, ஜாலியா ஆடட்டும்" என்று ஒருவர் கட்டாயம் எழுதுவார். பெஞ்சில் உட்கார்ந்தே வார இறுதியைக் கழித்த ஐந்து பையன்களிடம் அந்த ஜாலியைப் பற்றிக் கேட்டுப் பார்க்கட்டும்.

சனிக்கிழமை மதிய ஆட்டம்: 12–6, 10–8, 9–9, கடைசிக் காற்பகுதி 7–13. மூன்று காற்பகுதி முடிவில் 8 முன்னிலை, கடைசியில் 2. எதிரணி முழு மைதானத்துக்கும் பிரஸ் போட, அதாவது பந்தை உள்ளே போட்ட இடத்திலிருந்தே மறித்து நெருக்க, ஆரம்பித்தது என்று கேள்விக்குக் கீழே நீங்களே எழுதியிருக்கிறீர்கள். டைம் அவுட் கட்டங்களைப் பார்த்தால் இரண்டாம் பாதிக்கு உள்ள மூன்றில் ஒன்றில்தான் நிமிடம் எழுதியிருக்கிறது. மற்ற இரண்டும் இரட்டைக் கோடு போட்டு அடைத்தவை, அதாவது எடுக்கவே இல்லை. பிரஸ் வந்து இரண்டு பந்து பறிபோனதும் ஒன்று எடுத்திருக்க வேண்டும். இது கோச்சின் பிழைதான்.

பிரஸ்ஸை உடைப்பதற்குச் சாமர்த்தியமான டிரிப்ளிங் (பந்தைத் தட்டிக்கொண்டே ஓடுவது) தேவையில்லை. இந்த வயதுப் பையன்கள் பந்து கையில் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு ஓரக்கோட்டை ஒட்டி ஓடுவார்கள். எதிரணி விரும்புவது அதைத்தான். ஓரக்கோடு ஒரு சுவர். பாதிக்கோட்டைத் தாண்டியதும் பின்னால் திரும்பிப் போக முடியாது, அது இன்னொரு சுவர். அந்த மூலையில் இருவர் வந்து மறித்தால் கதை முடிந்தது. செய்ய வேண்டியது: பந்து வாங்கியவன் உடனே திரும்பி முன்னால் பார்க்க வேண்டும், இரண்டாவது ஆள் வந்து சேர்வதற்குள் பாஸ். எப்போதும் மூன்று வழி திறந்திருக்க வேண்டும்: ஓரத்தில் முன்னால் ஒருவன், நடுவட்டத்தில் ஒருவன், பந்தை உள்ளே போட்டவன் சற்றுப் பின்னால். நடுவில் நிற்பவன்தான் உயிர். உயரமான பையனை அங்கே நிறுத்துங்கள், வேகமானவனை அல்ல. 8 விநாடிக்குள் பந்து பாதிக்கோட்டைத் தாண்ட வேண்டும். மூன்று நல்ல பாஸுக்கு அதில் பாதி போதும். பயிற்சியில் ஐவருக்கு எதிராக எழுவரை நிறுத்தி, டிரிப்ளிங்கே கூடாது என்று சொல்லி 10 முறை கடக்கவிடுங்கள். முதல் வாரம் பந்து எல்லாப் பக்கமும் போகும், பரவாயில்லை.

சாப்பாடு. நீங்கள் சொல்லவில்லை, ஆனால் ஊகிக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் ஜெயித்த குஷியில் லிட்டில் இந்தியாவில் டேக்கா பக்கம் போய் பிரியாணி, வீடு திரும்ப 10 மணி, அப்புறம் வாட்ஸ்அப் குழுவில் வீடியோ, படுக்க 12. காலை 9 மணி ஆட்டத்துக்கு 6 மணிக்கு எழுந்திருக்க வேண்டும். 13, 14 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. பிரியாணியை ஞாயிறு இரவுக்குத் தள்ளி வையுங்கள். ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும்: இட்லி, சோறு, ரொட்டி, வாழைப்பழம், எதுவானாலும் சரி, எண்ணெய் குறைவாக இருக்கட்டும். இரண்டு ஆட்டத்துக்கு நடுவில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) வேண்டாம், செரிப்பதற்குள் விசில் ஊதிவிடுவார்கள். தண்ணீருக்கு ஒரு சோதனை: ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர் வரை, ஒரே மூச்சில் இல்லாமல், அடுத்த சில மணி நேரத்தில் குடிக்க வேண்டும். கூரை மட்டும் போட்ட திறந்தவெளி மைதானம் என்றால் இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை காயாது, உடம்பும் குளிராது.

ஃப்ரீ த்ரோவுக்கு: களைப்பில்லாமல் நின்று 50 போடுவது வீண். ஒரு முறை மைதானத்தின் இரு முனைக்கும் ஓடி வந்து 2 வீச்சு, மறுபடி ஓடி 2 வீச்சு, இப்படி 10 ஜோடி. பந்து கைக்கு வந்ததிலிருந்து 5 விநாடிக்குள் எறிய வேண்டும், அதையும் எண்ணுங்கள். எத்தனை உள்ளே போனது என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உள்ள மைதானத்தில் கோடு அழிந்திருந்தால், பலகையின் முகப்புக்கு நேர் கீழிருந்து 4.6 மீட்டர் அளந்து சாக்பீஸால் போடலாம். வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

வளையம் இருந்தால், அதாவது. பந்து தட்டும் சத்தம் தொல்லை என்று யாராவது புகார் கொடுத்தால் சில இடங்களில் வளையத்தைக் கழற்றிவிடுகிறார்கள். அதே புளோக்கில் விடிந்ததும் விடியாததுமாக இலை ஊதும் இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு நாலு இலையை நடைபாதையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு விரட்டுகிறார்களே, அது யாருக்கும் தொல்லை இல்லையாம். ஒரு துடைப்பத்தால் முடிகிற வேலை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எழுத ஆரம்பித்ததும் வந்துவிட்டது.

கடைசியாக, கோச் சீனத்திலேயே கத்துகிறார், பையனுக்குப் புரியவில்லை என்று கேள்விக்குக் கீழே இன்னொரு வரி போட்டிருந்தீர்கள். இங்கே கூடைப்பந்தில் அது சகஜம். ஆட்ட வேகத்தில் அவர் மொழி மாற்றிப் பேசுவார் என்று காத்திருக்க வேண்டாம், ஆனால் பயிற்சி நேரத்தில் ஆங்கிலத்தில் விளக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆட்டத்துக்கு நாலு சொல் போதும்: "லான்பான்" என்றால் ரிபவுண்ட் (உள்ளே போகாமல் திரும்பும் பந்து) எடு, "ஹுய்ஃபாங்" என்றால் திரும்பி ஓடித் தடு, "ச்சுவான்சியூ" என்றால் பாஸ் கொடு, "ஃபாங்ஷோ" என்றால் டிஃபென்ஸ். உச்சரிப்பை அணித் தோழனிடம் சரிபார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். என் தமிழ் எழுத்தை நம்பிக் கத்தினால் பெஞ்சே சிரிக்கும்.

25–40ஐ நான் தொடவில்லை. காலையில் தோற்று, மூன்று மணி நேரம் கழித்து 5ஆவது இடத்துக்கு ஆடும் ஆட்டம் அது, அதிலும் இரண்டு தொடக்க ஆட்டக்காரர்கள் 5 ஃபவுல் வாங்கி வெளியே. அந்தத் தாளை வைத்து யாரையும் எடை போட வேண்டாம். மற்ற மூன்றையும் அச்செடுத்து, கோச் தனியாக இருக்கும்போது கொண்டுபோய்க் கொடுங்கள், குழுவில் போடாதீர்கள்.