கால் மைல் தடத்தில் அப்படி என்ன பந்தயம்?

"ஒரே வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருகிற ஸ்டாக் கார் பந்தயத்தில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்டாக் கார் என்றால் சாதாரணக் கார்களை அடிப்படையாகக் கொண்ட பந்தயக் கார். அமெரிக்காவின் வட கரோலினாவுக்கு வந்த புதிதில் எனக்கும் இதே சந்தேகம்தான். அலுவலக நண்பர் ஒருவர் ஒரு சனிக்கிழமை இரவு என்னை வின்ஸ்டன்-சேலத்தில் இருக்கும் போமன் கிரே ஸ்டேடியத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். உள்ளே போனால் ஒரு அமெரிக்கக் கால்பந்து மைதானம்! அதைச் சுற்றி ஒரு தார்த் தடம். கால் மைல், அதாவது 400 மீட்டர்தான்.

1930களின் பொருளாதார மந்தத்தில், வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க அரசுப் பணத்தில் கட்டிய மைதானம் இது. ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் அமைப்பு நாஸ்கார். 1949-ல் அதை நிறுவிய பில் பிரான்ஸும் ஆல்வின் ஹாக்கின்ஸும் இங்கே நாஸ்கார் பந்தயத்தைத் தொடங்கினார்கள். நாஸ்கார் பிறந்தே அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. புகழ்பெற்ற ஓட்டுநர் ரிச்சர்ட் பெட்டி தன் 100-வது வெற்றியைப் பெற்றதும் இங்கேதான், 1969-ல்.

சரி, சுவாரஸ்யம் எங்கே? பெரிய தடங்களில் வளைவுகள் சரிவாக இருக்கும். இங்கே எல்லாம் தட்டை. உள்பக்கம் ஓட்டுபவருக்குத்தான் லாபம். வெளிப்பக்கமாகச் சுற்றி முந்துவது ரொம்பக் கஷ்டம். அதனால் முன்னால் போகிறவரின் பின் பம்பரில் லேசாக ஒரு தட்டு. அவர் கார் வெளியே விலகும், நீங்கள் உள்ளே புகுந்துவிடலாம். அந்த 'லேசாக' என்பதற்கு ஆளாளுக்கு ஓர் அளவு! தட்டு வாங்கியவர் சும்மா விடுவாரா? அடுத்த வாரமும் அதே ஆட்கள், அதே தடம். கணக்கு தீர்ந்தபாடில்லை. 'மேட்ஹவுஸ்' (பைத்தியக்கார விடுதி) என்று பட்டப்பெயர் வந்ததில் ஆச்சரியமில்லை.

பகையும் பரம்பரையாக வருகிறது. இங்கே ஓட்டும் பர்ட் மையர்ஸின் தாத்தா பில்லி மையர்ஸே இங்கே ஓட்டியவர். பர்ட்டுக்கும் இன்னொரு ஓட்டுநரான டிம் பிரவுனுக்கும் பல வருடப் போட்டி. ஒருவர் பெயரை மைக்கில் சொன்னதும் பாதிக் கூட்டம் கைதட்டும், பாதிக் கூட்டம் ஊளையிடும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி ஊளையிட்ட வேகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயமே புரிந்தது.

2025-ல் நாஸ்காரின் பெரிய நட்சத்திரங்களும் சீசனுக்கு முன் நடக்கும் 'கிளாஷ்' என்ற காட்சிப் பந்தயத்துக்கு இங்கே வந்தார்கள். சேஸ் எலியட் ஜெயித்தார். ஆனால் நீங்கள் போவதாக இருந்தால் கோடையில் ஒரு சாதாரண சனிக்கிழமை போங்கள். காதில் வைக்கப் பஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள். கீழ் வரிசை வேண்டாம், டயர்த் தூள் சாப்பாட்டில் விழும்.