மூன்றாவது தடவை எழுத வேண்டாம் சிஸ்டர்

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் முதல் தடவை ரைட்டிங்கில் 6, மற்ற மூன்றிலும் 7. எட்டு மாதம் கழித்து ரைட்டிங் 6.5 வந்தும் லிசனிங் 6.5-க்கு இறங்கிவிட்டது, ஏஜென்ட் மறுபடியும் ஐஇஎல்டிஎஸ் எழுதச் சொல்கிறார் என்கிறீர்கள். பிரிட்டனில் நர்ஸாக வேலை பார்க்க என்எம்சி (நர்சிங் கவுன்சில்) பதிவுக்குத்தானே? அப்படியென்றால் பணம் கட்டிவிடாதீர்கள்.

அவர்கள் கேட்பது ரைட்டிங்கில் 6.5, மற்றவற்றில் 7. இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்ணைச் சேர்த்துக் காட்டலாம். 2023-இல் மாற்றிய விதிப்படி, இரண்டுக்கும் இடைவெளி 12 மாதம் வரை இருக்கலாம். முன்பு ஆறு மாதம்தான், உங்கள் ஏஜென்ட் இன்னும் அங்கேயே நிற்கிறார் போல. ஒரே நிபந்தனை, எந்தத் தேர்விலும் ரைட்டிங் 6-க்கும் மற்றவை 6.5-க்கும் கீழே போயிருக்கக் கூடாது. நீங்கள் மயிரிழையில் தப்பித்திருக்கிறீர்கள்!

இரண்டுமே ஐஇஎல்டிஎஸ்ஸின் அகாடமிக் வகைதானா என்று பாருங்கள், ஜெனரல் வகை செல்லாது. அப்புறம், மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும். முதல் தேர்வுத் தேதியைக் கணக்கில் வைத்து விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.